அருவியில் குளிக்காத மச்சானுக்கு

எண்ணெய்க் கையோடு என் தோளைத் தட்டிவிட்டு, "சட்டை போச்சே மாப்பிளே" என்று நீயே வருத்தப்படுகிற என் இசக்கி மச்சானுக்கு,

நீ போய் வருஷம் ஒன்று ஆகிவிட்டது. இன்று மதியம் உன் தங்கை கோமதி உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் இலையில் வைத்து உனக்குப் படைத்தாள். காக்கை வர நேரமாயிற்று. உயிரோடு இருக்கும்போதும் அண்ணன் சாப்பாட்டுக்குப் பிந்தித்தான் வருவான் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வழக்கமாக இதற்கு நான் ஏதாவது கேலி பேசுவேன். இன்று நானும் சேர்ந்து காக்கையைக் கூவி அழைத்தேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். சரக்கு அனுப்பச் சொல்லித் தபால் அட்டை எழுதுவதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. அப்படிப்பட்டவன் ஊர் பார்க்கும்படி உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. உன் கதையை ஊர் ஊராகப் பரப்பியவன் நான்தான். ஆகையால் இதையும் ஊர் கேட்கட்டும். உன் மருமகன், என் மகன் குமரேசனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்கப்பா. ஆனா என்னைய நல்ல பிள்ளையா எழுதிராதீங்க" என்றான்.

அந்தக் கதை உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். உனக்குப் பதினாறு வயதில் திடீரென்று பேச்சு நின்றுபோயிற்று. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். உன் பெரியப்பா உன்னைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய், உச்சந்தலையில் எண்ணெயை அறைந்து, ஐந்தருவியில் நான்கு பேரை விட்டுப் பிடித்து நிறுத்தினார். தண்ணீருக்குள்ளிருந்து நீ, "சரியாப் போச்சு, விடுங்க" என்று கத்தினாய். விட்டார்கள். அன்றிலிருந்து நீ நல்ல மனிதன்.

இதுதான் கதை. நான் உங்கள் வீட்டில் பெண் எடுத்தது அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து. பெண்ணோடு சேர்த்து இந்தக் கதையும் எனக்கு வந்தது. நான்தான் வியாபாரியாயிற்றே, சும்மா விடுவேனா? மற்ற நாளில் ஊரில் கடை, சாரல் விழுந்தால் ஐந்தருவிப் பாதையில் ஓலைப் பந்தல் என்று எண்ணெய் விற்கிறவனுக்கு இதைவிட என்ன விளம்பரம் வேண்டும். "பித்தம் போகும், சூடு போகும், மண்டையில உள்ள கோளாறெல்லாம் போகும். நம்பலையா, இந்தா உக்காந்திருக்காருல்லா எங்க மச்சான், இவரையே கேளுங்க." நீ பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் அளந்துகொண்டிருப்பாய். எல்லோரும் திரும்பி உன்னைப் பார்ப்பார்கள். நீ லேசாகச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாய். கூச்சம் என்று நினைத்தேன்.

இனி உன் மருமகன் சேதிக்கு வருகிறேன்.

போன வருஷ சீசனில், நீ இருந்தபோதே, வீட்டில் சத்தம் குறைந்தது உனக்கு நினைவிருக்கிறதா? குமரேசன் சைக்கிளில் வந்தால் தெருமுனையிலேயே சீட்டி கேட்கும். அது நின்றது. தட்டில் போட்டதைச் சாப்பிட்டான். எதிர்த்துப் பேசவில்லை. கூப்பிட்டால் வந்தான், போ என்றால் போனான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். பெருமை தாங்காமல் தென்காசி பஜாரில் ஒரு பேனா வாங்கிக் கொடுத்தேன். நல்ல பிள்ளையானதற்குப் பரிசு. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். சந்தோஷம் என்று அதையும் நானே முடிவு செய்துகொண்டேன்.

ஐப்பசியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. பிறகு அவன் இன்னும் சுருண்டான். மாமன் போன துக்கம் என்றோம். பின்கட்டில் உன் பாய்க்குப் பக்கத்துப் பாய் அவனுடையது, துக்கம் இருக்கத்தானே செய்யும்? பங்குனியில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் போனவன், பள்ளிக்கூட வாசல் வரை போய் அப்படியே திரும்பி வந்து படுத்துவிட்டான். மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

அப்புறம் வைத்தியர்களுக்குப் பஞ்சமா? குத்துக்கல்வலசையில் நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். கோமதி கண்ணேறு என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். அடுத்த வீட்டு அண்ணாச்சி, தை மாதம் பள்ளிக்கூடப் பையன்கள் இந்திக்கு எதிராக ஊர்வலம் போனார்களே, அந்த வெயில் மண்டையில் இறங்கியிருக்கும் என்றார். அந்த ஊர்வலத்துக்கே இவன் போகவில்லை. நான் என் பங்குக்கு, எவளாவது ஒருத்தியாக இருக்கும் என்று வேவு பார்த்தேன். பள்ளிக்கூடத்து வழியில் இரண்டு நாள் நின்றதில் என்னைத்தான் ஊரார் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கடைசியில் பெரியப்பா வந்தார். பார்த்ததும் தொடையைத் தட்டினார். "தாய்மாமன் ரத்தம்லா. இசக்கி எப்படிக் கெடந்தானோ அப்படியே கெடக்கான். சாரல் விழட்டும். அவனுக்குச் செஞ்சதையே இவனுக்கும் செஞ்சிருவோம்." கோமதியின் முகத்தில் பல மாதமாக இல்லாத தெளிவு வந்தது. அண்ணன் மீண்டான், மகனும் மீள்வான். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் விற்கிற சரக்கை நானே நம்பாமல் இருக்க முடியுமா?

ஆனி பிறந்தது. மலையில் மேகம் இறங்கிவிட்டது. பெரியப்பா நாள் குறித்துவிட்டார். அதற்கு முந்தின வாரம் ஒரு காலையில், எண்ணெய் விஷயமாக இலஞ்சியில் செக்குக்காரரைப் பார்க்கப் போனேன். சும்மா கிடக்கிறானே என்று குமரேசனையும் பின்னால் உட்காரவைத்து மிதித்தேன். தென்னந்தோப்பைத் தாண்டி வயல் ஆரம்பிக்கிற இடத்தில், முதுகுக்குப் பின்னாலிருந்து அவன் பேசினான். வீட்டில் முகத்துக்கு நேரே வைத்து எத்தனையோ தடவை கேட்டும் வராத பேச்சு. என் முதுகைப் பார்த்தால் பேசலாம் போலத் தோன்றியிருக்கிறது.

"அப்பா, எனக்குச் சூடும் இல்ல, பித்தமும் இல்ல. காலையில முழிச்சா, அன்னைக்குப் பூரா எதையோ சுமக்கணுமேன்னு இருக்கு. எதைன்னு கேட்டா சொல்லத் தெரியல."

"பரீட்சைதானலே? அடுத்த தடவை எழுதிக்கிடலாம்."

"பரீட்சை இல்லப்பா."

"மாமன் போன துக்கமா?"

"அதுக்கு முந்தியே இருந்துச்சு."

என்னிடம் இருந்த சாவியெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன் மச்சான். உடனே அப்பன்மார் எல்லோரும் சொல்கிறதைச் சொன்னேன். சோற்றுக்குக் குறையா, துணிக்குக் குறையா, இந்த அரிசிப் பஞ்சத்திலும் உன்னை ஒருவேளை பட்டினி போட்டேனா, பிறகு என்னலே உனக்குக் குறை என்று கேட்டேன்.

"குறைன்னு ஒண்ணும் இல்லப்பா. அதனாலதான் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நிறுத்தினால் அவன் பேச்சும் நின்றுவிடுமோ என்று பயந்து மிதித்தேன். அப்போதுதான் அவன் உன் பேச்சை எடுத்தான்.

"மாமா அருவியில குளிச்சு நீங்க பாத்திருக்கீயளா?"

"அவனுக்குப் பீனிசம்லே. தண்ணி பட்டா மூக்கடைக்கும்."

"அது ஊருக்குச் சொன்னது."

போன வருஷ சீசனில், கடைக்குப் பின்னால் நீயும் அவனும் உட்கார்ந்திருந்தபோது, எங்கிருந்தோ ஒரு குடும்பம் ஒரு பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அருவிக்குப் போயிற்றாம். அதைப் பார்த்துவிட்டு நீ அவனிடம் சொன்னாயாம். தண்ணீரில் எதுவும் சரியாகவில்லை என்று. மூச்சு முட்டியது, செத்துப்போவோம் என்று தோன்றியது, அவர்களுக்கு எந்த வார்த்தை வேண்டுமோ அதைக் கத்தினேன், விட்டார்கள் என்று. கடைசியாக நீ சொன்னதை அவன் உன் குரலிலேயே சொன்னான்: "பழைய பாரம் அப்படியேதான் இருந்துச்சு மருமவனே. அதோட சரியாப் போனவனா நடிக்கிற வேலையும் சேந்துக்கிடுச்சு."

சைக்கிள் நேராக வயலுக்குள் இறங்கிவிட்டது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பொம்பளைகள் சிரித்தார்கள். செயின் கழன்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டு குனிந்து செயினையே பார்த்துக்கொண்டிருந்தேன். செயின் நன்றாகத்தான் இருந்தது.

ஏன் மச்சான் என்னிடம் சொல்லவில்லை? ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே கடையில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தோம். நான் கூவக் கூவ நீ குனிந்து எண்ணெய் அளந்தாயே, அந்த நேரத்தில் உனக்குள் என்ன ஓடியது? கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் வேண்டாம் என்றாயே, அதுவும் இதனால்தானா? வருஷத்தில் சில நாள் தலைவலி என்று முகத்தில் துண்டைப் போட்டுப் படுப்பாய். மச்சான் விடுமுறை எடுத்துக்கொண்டார் என்று நான் நக்கல் அடிப்பேன். அருவிச் சத்தம் காதில் விழுகிற இடத்தில் உட்கார்ந்து, ஊரையெல்லாம் குளிக்க அனுப்பிவிட்டு, அருவியால் பிழைத்தவன் என்று பெயர் வாங்கிய நீ ஒருநாள்கூட அருவியில் தலையைக் கொடுத்ததில்லை. இது என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. எண்ணெய்க்காரன் கண்ணில் எண்ணெய்தான் தெரியும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன். அடுப்படியில் ஒரு புயல் அடித்தது.

"செத்தவன் வந்து இல்லைன்னு சொல்ல மாட்டான்னு தைரியம். எங்க அண்ணன் நடிச்சானா? எனக்குச் சீர் செஞ்சு, உங்க கடையில வந்து உக்காந்து, இந்தப் பயலத் தோளுல தூக்கி வளத்தவன், எல்லாம் நடிப்பா?"

குமரேசன் கதவோரம் நின்றான். "மாமா நம்மகிட்ட இருந்தது நடிப்பு இல்லம்மா. நல்லா இருக்கேன்னு சொன்னதுதான் நடிப்பு."

அவள் கேட்கவில்லை. பெரியப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. நோய்தான் அப்படிப் பேசச் சொல்லும், இசக்கியும் வேண்டாம் வேண்டாம் என்றுதான் காலை உதைத்தான் என்றார். பையன் வேண்டாம் என்றால் அது நோய். சம்மதித்தால் நோய்க்கே புரிந்துவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் அருவிக்குத்தான் வழி.

நான் நடுவில் நின்றேன். மகன் சொன்னது மெய் என்று மனசு சொல்லிற்று. மெய் என்றால் இத்தனை காலம் நான் விற்றது என்ன? கோமதி சின்ன வயதிலிருந்து நம்பியது என்ன? இந்த இரண்டு கேள்விக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவர் குறித்த நாள் வந்தது.

அன்று காலையில் நல்ல சாரல். ஐந்தருவியில் தண்ணீர் முழுக்க விழுந்தது. பெரியப்பா அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களில் நல்ல திடகாத்திரமாக நான்கு பேரைச் சொல்லி வைத்திருந்தார். எல்லாம் என் கடையில் எண்ணெய் வாங்குகிற ஆட்கள்தான். பாறை மேல் கோமதி மாற்றுத்துணியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு ஏதோ வேண்டிக்கொண்டே இருந்தது. சரியாகிவிட்டால் நேரே இலஞ்சி முருகனுக்குத் தேங்காய் உடைப்பது என்று ஏற்பாடு. அந்தக் காலத்தில் உனக்கும் அங்கேதான் உடைத்தார்களாம்.

குமரேசன் முரண்டு பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால்கூடத் தேவலை. சொன்னவுடன் சட்டையைக் கழற்றினான், உட்கார்ந்தான், தலையைக் கொடுத்தான். பெரியப்பா உச்சியில் எண்ணெயை வைத்து அறைந்து தேய்த்தார். நெற்றியில் வழிந்த எண்ணெயைக்கூட அவன் துடைக்கவில்லை. நான் பேனா வாங்கிக் கொடுத்தேனே, அதே நல்ல பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தான்.

எழுந்து போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றான். அருவி இரைச்சலில் எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

"எவ்வளவு நேரம் கழிச்சுக் கத்தணும்ப்பா?"

மச்சான், இந்தக் கேள்வியை அன்று நீ யாரிடமாவது கேட்டாயா? கேட்பதற்கு ஆள் இருந்ததா?

எனக்குத் தைரியம் வந்தது என்று சொல்லமாட்டேன். என் சுபாவம் உனக்குத் தெரியும், சண்டை வந்தால் வேஷ்டியை மடித்துக் கட்டுவேன், ஓடுவதற்கு வசதியாக. அன்றும் வேஷ்டியைத்தான் மடித்துக் கட்டினேன். கட்டிக்கொண்டு ஆட்கள் முன்னால் போய் நின்றேன்.

"முதல்ல என்னையப் பிடிங்கலே."

அவர்கள் சிரித்தார்கள். "அண்ணாச்சிக்கு என்ன கோளாறு?"

"எண்ணெய் விக்கிறவன் ஒருதடவையாவது சரக்கைப் பாக்கணும்லா. அவனை எப்படிப் பிடிப்பியளோ அப்படியே பிடிங்க. நான் என்ன சொன்னாலும் விடாதீங்க. சரியாப் போச்சுன்னா மட்டும் விடுங்க."

பெரியப்பாவும் சிரித்தார். பையனுக்குப் பயம் தெளியட்டும், நல்லதுதான் என்று தலையை ஆட்டினார்.

ஐந்தருவி எனக்குப் புதுசா? சீசனில் தினமும் குளிக்கிறவன். தண்ணீர் தலையில் விழுவதைப் போல சுகம் உண்டா என்று விற்கிறவன். ஆனால் மற்ற நாளெல்லாம் மூச்சு முட்டினால் தலையை வெளியே இழுத்துக்கொள்வேன். அன்று இழுத்தேன், தலை வரவில்லை. இரண்டு பேர் கையைப் பாறையோடு அழுத்தியிருந்தார்கள், ஒருவன் பிடரியை, ஒருவன் இடுப்பை. கண்ணைத் திறக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் தண்ணீர். போதும் என்றேன். விடவில்லை. விளையாட்டுக்குச் சொன்னேன்லே என்றேன். விடவில்லை. நான் சொன்னபடிதான் செய்தார்கள், நல்ல பையன்கள். காது அடைத்துக்கொண்டது. என் வீடு, கடை, பெண்டாட்டி, பிள்ளை எதுவும் ஞாபகத்தில் இல்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் இது நிற்கும் என்பது மட்டும் தெரிந்தது.

"சரியாப் போச்சு, விடுங்க."

கத்தினேன். என் குரல் மாதிரியே இல்லை. விட்டார்கள். பாறையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து குத்தவைத்து இருமினேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சிக்கே கிறுக்கு தெளிந்துவிட்டது என்று ஒருவன் சொன்னான். பெரியப்பா, பார்த்தாயா, வேலை செய்கிறதா இல்லையா என்றார்.

கோமதி மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த துணி கீழே விழுந்தது தெரியாமல் எழுந்து நின்றிருந்தாள். நனைந்துகொண்டே இறங்கி வந்து என் எதிரில் நின்றாள்.

"உங்களுக்கு என்ன சரியாப் போச்சு?"

"ஒண்ணும் இல்ல ஏட்டி. மூச்சு முட்டிச்சு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உன் கதையில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. உன்னைப் பிடித்து நிறுத்திய அன்று இதே பாறையில் சின்னப் பெண்ணாக நின்றிருக்கிறாள். அண்ணன் கத்தியதைக் கேட்டுக் கைகொட்டிக் குதித்து, தேங்காயை நான்தான் தூக்கி வருவேன் என்று அடம்பிடித்துக் கோயில் வரை சுமந்திருக்கிறாள்.

"இதே சத்தம்தான்" என்றாள். "இதே மாதிரிதான் கத்தினான்."

கீழே கிடந்த துணியை எடுத்தாள். குமரேசனை உட்காரச் சொல்லி, அவன் தலையில் இருந்த எண்ணெயைத் துவட்டினாள். தண்ணீர் படாத தலை. துவட்டத் துவட்ட எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. பெரியப்பா பக்கத்தில் வந்து, நல்ல நேரம் போகிறது, என்ன செய்கிறாய் என்றார்.

"வீட்டுக்குப் போறோம் பெரியப்பா."

அவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? வந்தது. இனி இந்தப் பயலுக்கு ஏதாவது ஆனால் என் வாசலுக்கு வராதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கு உன் படையலுக்கும் வரவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை மச்சான், உனக்கே தெரியும். உன்னைக் காப்பாற்றினேன் என்ற ஒரு நம்பிக்கையில்தான் அவர் நிமிர்ந்து நடந்தார். நான் ஒரு குளியல் குளித்து அதைப் பிடுங்கிவிட்டேன்.

சரி, அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகிவிட்டதா என்று கேட்பாய். இல்லை. நீயாவது மெய்யைக் கேட்டுக்கொள். திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். அவர் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவனிடம் வெகுநேரம் பேசுகிறார். மாத்திரை கொடுக்கிறார். நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், பஸ் ஏறுவதற்குள் எனக்கு மறந்துவிட்டது. கொஞ்ச நாள் தேவலை, கொஞ்ச நாள் பழையபடி. போன வாரம் தொடர்ந்து படுத்தே கிடந்தான். அளக்கிற எண்ணெயை அப்படியே வைத்துவிட்டு அடிக்கடி வீட்டுக்கு ஓடிப்போய் அவனைப் பார்த்தேன். அண்ணாச்சி எதையோ வீட்டில் மறந்துவிட்டாரோ என்று கடையில் பேசிக்கொண்டார்களாம்.

கோமதி திருந்திவிட்டாள் என்றும் நினைத்துவிடாதே. ரகசியமாக ஒரு கயிறு மந்திரித்து வாங்கி வந்து அவன் கையில் கட்டியிருக்கிறாள். கழற்றட்டுமா என்று நான் கேட்டேன். "இருக்கட்டும்ப்பா, அது அம்மாவுக்கு" என்றான்.

எனக்கும் அவனுக்கும் இப்போது ஒரே ஒரு தகராறு. சாயங்காலம் கடையிலிருந்து வந்தால் என் வாயிலிருந்து முதலில் வருவது, "இன்னைக்குச் சரியாப் போச்சாலே?" என்பதுதான். ஒருநாள் அவன் பொறுக்க முடியாமல் சொன்னான்.

"அப்படிக் கேட்டா நான் ஆமான்னுதான சொல்லணும்? அதுவும் அருவிதாம்ப்பா. எப்படி இருக்குன்னு கேளுங்க. பதில் சொல்லலேன்னா சும்மா பக்கத்துல இருங்க."

சும்மா இருப்பது உன் மாப்பிள்ளைக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பார். நாள் முழுக்கக் கூவி விற்ற வாய். இருந்தாலும் இருக்கிறேன். பின்கட்டில் உன் பாய் இருந்த இடத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டு, நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொள்கிறேன். சில நாள் பேசுகிறான். சில நாள் இரண்டு பேரும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பேசுகிற நாளில் பாதி எனக்குப் புரிவதில்லை. என் அப்பனுக்கு என்னைப் புரிந்ததா என்றுகூட நான் யோசித்ததில்லை. பசிக்கிறதா என்பதற்கு மேல் அவர் என்னைக் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. இவன் கேட்கச் சொல்கிறான். அதுவே எனக்குப் புதுசாக இருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஆடியில், சீசன் முடிகிற சமயம், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. அப்பன், ஆத்தாள், நடுவில் ஒரு பெண்பிள்ளை. பதினைந்து பதினாறு வயதிருக்கும். அவள் யாரையும் பார்க்கவில்லை. அந்த அப்பன் என்னிடம், இங்கே யாரோ ஒருவருக்கு அருவியில் தெளிந்ததாமே, நீங்கள்தான் விவரம் சொல்வீர்களாமே என்று கேட்டான். கதை சாத்தூர் வரை போயிருக்கிறது. அனுப்பியவன் நான்தானே.

பழைய பேச்சு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பக்கத்தில் நீ உட்காருகிற இடம் காலியாக இருந்தது. குமரேசன் பின்னால் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். ஊற்றுகிற சத்தம் நின்றது. அவன் கேட்கிறான் என்று தெரிந்தது.

"அவரு என் மச்சான்தான்" என்றேன். "அருவியில அவருக்கு ஒண்ணும் தெளியல. மூச்சு முட்டிச்சு, தெளிஞ்சிருச்சுன்னு சொன்னாரு. நாங்க நம்பிட்டோம்."

அவர்கள் எண்ணெய் வாங்கவில்லை. அப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது, ஆத்தாள் அழுதாள். அவ்வளவு தூரம் ஒரு நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். டாக்டர் விலாசத்தைச் சொன்னேன். காதில் வாங்கினார்களோ இல்லையோ. அருவிப் பக்கம் போனார்களா, பஸ் பக்கம் போனார்களா என்று எட்டிப் பார்த்தேன், கூட்டத்தில் தெரியவில்லை. ஆனால் போகும்போது அந்தப் பெண் ஒருதடவை திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் மச்சான்? உனக்குத் தெரிந்திருக்கும்.

பின்னால் எண்ணெய் ஊற்றுகிற சத்தம் மறுபடி கேட்டது.

கடைப் பேச்சிலிருந்து உன்னை எடுத்துவிட்டேன். எண்ணெய் உடம்பு வலிக்கு நல்லது, தலைக்குக் குளிர்ச்சி. அவ்வளவுதான் சொல்கிறேன். வியாபாரம் கொஞ்சம் டல். பரவாயில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன். உன் மருமகனை யாரும் பிடித்து நிறுத்த விடமாட்டேன். கையால் பிடிக்கவும் விடமாட்டேன், கேள்வியால் பிடிக்கவும் விடமாட்டேன், அந்தக் கேள்வி என் வாயிலிருந்தே வந்தாலும் சரி. அவன் சரியாகும்வரை சரியாகாமல் இருக்கட்டும். ஒருவேளை உன்னைப் போலவே கடைசிவரை வந்து வந்து போகிற பாரமாக இருந்தாலும், நடிக்கிற வேலையையாவது அவனுக்குச் சேர்த்துக் கொடுக்கமாட்டேன்.

நீயும் இனிமேல் சரியாப் போனவனாக இருக்க வேண்டாம் மச்சான். முகத்தில் இருக்கிற துண்டை எடு. எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி கோமதியைக் கட்டியவனும், கேட்க வேண்டியதைப் பிந்திக் கேட்கிறவனுமான
உன் மாப்பிள்ளை